கடைசி வார்த்தை உறுதிப்படுத்தும் துணைக்குழு

காலை ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடிக்கும். நிறுத்துவேன். அடுப்பில் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் பல் துலக்கிவிடலாம். ஒரு சட்டையைத் தேய்ப்பேன். இரண்டு கைப்பேசிகளையும் சார்ஜரிலிருந்து எடுப்பேன். ஒன்று என்னுடையது. மற்றது என் மனைவியுடையது. அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அதை அணைத்து வைத்துவிடலாம். வைக்கவில்லை. தனியாகக் காரணம் எதுவும் இல்லை. படுக்கும்முன் இரண்டையும் செருகுகிறேன், எழுந்ததும் இரண்டையும் எடுக்கிறேன்.

அவள் கைப்பேசிக்கு இப்போது ஒரே இடத்திலிருந்துதான் செய்தி வருகிறது. எங்கள் பகுதி மக்கள் கலை விழாக் குழுவின் வாட்ஸ்அப். அவள் அதில் அலங்காரத் துணைக்குழு உறுப்பினராக இருந்தாள். எழுத்து வரைவாள். நுழைவு வளைவு, பதாகை, மேடையின் பின்திரை எல்லாம் அவள் கைவேலை. அவள் இறந்த வாரமே அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிடச் சொன்னேன். ஓர் உறுப்பினரை நீக்குவதற்குமுன் அவரிடம் விளக்கம் கேட்டு முப்பது நாள் அவகாசம் தர வேண்டும் என்பது விதி. விளக்கம் கேட்டு அவள் எண்ணுக்கே அனுப்பினார்கள். பதில் வராததால் உறுப்பினர் நீடிக்க விரும்புவதாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அன்று காலை வந்தது ஒரு சுவரொட்டி. ‘விழாவுக்கு இன்னும் 41 நாள்’ என்று மேலே போட்டிருந்தது. நடுவில் அவள் படம். உறுப்பினர் படிவத்தில் ஒட்டியிருந்த படம்தான். அதில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எரிச்சலாக நிற்பாள். இதில் சிரித்தாள். யாரோ கணினியில் சிரிக்க வைத்திருந்தார்கள். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில்:

‘அவர் கடைசியாகச் சொன்னது: நான் இறங்கினாலும் கலை ஏற வேண்டும்.’

அதற்கும் கீழே பொடி எழுத்தில் குழுவினர் அறுபத்தெட்டுப் பேரின் பெயர்கள்.

தண்ணீர் கொதித்து வற்றிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். மூன்று வருட வாழ்க்கையில் அவள் ‘கலை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. ‘வேலை’ என்பாள். ‘இன்னிக்கு வேலை இருக்கு, சாப்பாடு நீ பாத்துக்கோ’ என்பாள்.

குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. பாட்டில்களில் வரும் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எழுதி அனுப்புவது. இல்லாததை எழுதினால் வேலை போய்விடும். அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுச் சமுதாயக் கூடத்துக்குப் போனேன்.

கூடத்தின் மாடியில் விழாக் குழுவின் அறை. நீள மேசை, சுற்றிலும் நாற்காலிகள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பவை ஓவியங்கள் அல்ல. ஒவ்வொரு வருடத்து நன்றியுரையின் பெயர்ப் பட்டியல்கள். முதல் வருடப் பட்டியல் ஒரு பக்கம். போன வருடப் பட்டியல் கூரையில் தொடங்கித் தரையில் மடங்கிக் கிடந்தது.

இந்த நன்றிப் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஏழு வருடத்துக்குமுன் ஒரு தையல்காரர் அந்த வழியாகப் போனபோது இரண்டு நிமிடம் ஏணியைப் பிடித்துவிட்டார். நன்றியுரையில் அவர் பெயர் வரவில்லை. மேடையேறி, ஏன் வரவில்லை என்று கேட்டார். அவரைப் பார்த்து, பிளக்கைச் செருகியவர் வந்தார். ஊக்கு கொடுத்த அம்மா வந்தார். கூட்டத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தாங்கள் செய்த உதவி ஞாபகம் வந்தது. காவலாளி சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் நிற்கும்வரை நன்றி சொன்னார்கள். அதன்பிறகு பதினான்காம் விதி வந்தது. நன்றிப் பட்டியலில் பெயர் இல்லாதவர் விழாவுக்கு எந்த உதவியும் செய்யக் கூடாது. பெயரைச் சேர்க்க வேண்டுமானால் ஏழு உறுப்பினர்கள் கூடித் தீர்மானம் போட வேண்டும். ஏணி, வாளி, நாற்காலி, துடைப்பம் எல்லாவற்றிலும் அந்த விதியை அச்சடித்து ஒட்டியிருக்கிறார்கள்.

தலைவர் ஓய்வுபெற்ற பதிவாளர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைப் பார்ப்பார். அவர் வலப்பக்கம் செயலாளர் அம்மா, முன்னால் ஒரு சிறிய பித்தளை மணி. இடப்பக்கம் விளம்பரக் குழுக்காரர். அச்சகம் வைத்திருக்கிறார்.

“வாங்க தம்பி, உக்காருங்க. போஸ்டர் பாத்தீங்களா?” என்றார் தலைவர்.

“பாத்தேன். அவ அப்படிச் சொல்லல.”

தலைவர் செயலாளர் பக்கம் திரும்பினார். “எழுதிக்கோங்கம்மா. கணவர் போஸ்டரைப் பார்த்தார்.”

“சொல்லலன்னு சொன்னேன்.”

“அது அடுத்த வரி. வரும்.”

விளம்பரக்காரர் பேனாவைத் திறந்தார். “சரி, அப்ப என்னதான் சொன்னாங்க? சொல்லுங்க, மாத்திடலாம். இன்னும் நாலாயிரம்தான் அடிச்சிருக்கு.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எட்டு வார்த்தை. சொல்லியிருக்கலாம்.

“அது எனக்குச் சொன்னது” என்றேன்.

“தனிப்பட்ட விஷயமா? அப்படின்னா இன்னும் நல்லா எடுபடுமே!”

நான் பேசவில்லை. செயலாளர் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் ஆனதும் மணியை அடித்தார். “ஆட்சேபணை திரும்பப் பெறப்பட்டது” என்று எழுதிக்கொண்டார்.

தலைவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். அவர் மூன்று பேர் இருந்தாலே எழுந்து நின்று பேசுபவர்.

“தம்பி, நீங்க படிச்சவர். உங்ககிட்ட ஒளிக்கறதுக்கு என்ன இருக்கு? ஒவ்வொரு வருஷமும் விழாவ யாருக்காவது அர்ப்பணிக்கறோம். முந்தின வருஷம் ஒரு மரத்துக்கு அர்ப்பணிச்சோம். யாருக்கும் ஒண்ணும் தோணல. போன வருஷம் ஒரு மேளக்காரருக்கு. உயிரோட இருக்கறவரு. மேடைக்கே வந்துட்டாரு! ரெண்டு மணி நேரம் பேசினாரு. அதுல ஒண்ணரை மணி நேரம் எங்களத் திட்டினாரு. அன்னிக்கு முடிவு பண்ணினேன், உயிரோட இருக்கறவங்கள நம்பி விழா நடத்தக் கூடாதுன்னு. உங்க வீட்டம்மா அப்படி இல்ல. நாலு மாசமா ஒரு வார்த்தை மறுத்துப் பேசல. அப்படி ஒரு ஒத்துழைப்பு.”

“விழாப் போட்டிகளுக்குப் பேர் குடுத்தவங்க இந்த வருஷம் மூணு மடங்கு” என்றார் விளம்பரக்காரர்.

“மூணு மடங்கு” என்றார் தலைவர். தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. என் தோள் எவ்வளவு அகலம் என்று அளப்பதுபோல் இருந்தது.

சாயங்காலம் அத்தை வீட்டுக்குப் போனேன். என் மனைவியின் அம்மா. தபால் அலுவலகத்தில் முப்பது வருடம் கடிதம் பிரித்தவர். எதையும் முகவரியை வாசிப்பதுபோல இரண்டு தடவை வாசிப்பார்.

மேசைமேல் ஒரு துணிப்பை, ஒரு தொப்பி, ஒரு பேனா, ஒரு சாவிக்கொத்து. எல்லாவற்றிலும் அந்த வாக்கியம்.

“ரெண்டு பேர் வந்து குடுத்துட்டுப் போனாங்க மாப்பிள்ளை. வாசல்ல நிக்க வெச்சு போட்டோ எடுத்தாங்க. துக்கமா பாருங்கன்னாங்க. நான் கண்ணாடி போடாம அவங்க மூஞ்சி தெரியாம முழிச்சேன். அருமையா இருக்குன்னுட்டுப் போனாங்க.”

“நீங்க எதுக்கு அத்தை கதவத் தொறந்தீங்க?”

“என் பொண்ணு பேரச் சொல்லி மணி அடிச்சா தொறக்காம என்ன பண்ணுவேன்?” தொப்பியை எடுத்து, தள்ளிப் பிடித்து வாசித்தார். “‘ஏற வேண்டும்.’ என் பொண்ணு என்னிக்கு ‘வேண்டும்’னு பேசினா? ஸ்கூல்ல ஒப்பிக்கச் சொன்னாலே ‘வேணும்’னு சொல்லி அடி வாங்கினவ. வாயத் தொறந்தா எதிர்ல இருக்கறவன் காது ரெண்டு நாளைக்குக் கூசும்.”

“ஆமா.”

“நீங்கதானே மாப்பிள்ளை கூட இருந்தீங்க.”

“கொஞ்சம் தள்ளி இருந்தேன்.”

“கடைசியா என்ன சொன்னா?”

சாவிக்கொத்தை எடுத்துப் பார்த்தேன். நல்ல கனம். அத்தை காத்திருந்தார். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டார்.

“நாலு மாசமா கேக்கறேன். நீங்க வாயத் தொறக்க மாட்டேங்கறீங்க. அழுதாலாவது விட்டுருவேன், அழவும் மாட்டேங்கறீங்க. ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோங்க. நீங்க சொல்லலன்னா இவங்க சொல்றதத்தான் நான் வெச்சுக்கணும். எனக்கு வேற எதுவும் இல்ல. இந்தத் தொப்பிய வெச்சுக்கவா, வேண்டாமா?”

“நாளைக்குச் சொல்றேன் அத்தை” என்றேன்.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை.

விழாவுக்கு இருபத்தாறு நாள் இருக்கும்போது என்னை மறுபடி அழைத்தார்கள். என் ஆட்சேபணை வீண்போகவில்லை என்றும், அதன் பேரில் கடைசி வார்த்தை உறுதிப்படுத்தும் துணைக்குழு அமைக்கப்பட்டிருக்கிறது என்றும் கடிதம் சொன்னது. ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர், செயலாளர், விளம்பரக்காரர் போக, ஏணித் துணைக்குழுவிலிருந்து மூன்று பேர், ஒரு பாட்டு வாத்தியார். ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தார். பக்கத்துப் பள்ளியின் ஓவிய டீச்சர். என் மனைவியின் இடத்துக்கு வந்திருந்தார். நாற்காலி இருந்தும் அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

செயலாளர் அம்மா மணியடித்துவிட்டு, நான்கு மாதத்துக்கு முந்தைய கூட்டக் குறிப்பை வாசித்தார். விழா நடக்கப்போகிறது என்று அறிவிப்பதற்காக ஒரு விழா வைத்திருந்தார்கள். அதற்கு முதல்நாள் எழுதிய குறிப்பு அது.

“மாலை மணி நான்கு பன்னிரண்டு. அலங்காரத் துணைக்குழு உறுப்பினரின் கணவர் அறைக்குள் வந்து, நுழைவு வளைவில் எழுத்து வரையும் தன் மனைவி ஏணியைப் பிடிக்க ஆள் கேட்பதாகவும், ஏணியில் ஒட்டியுள்ள பதினான்காம் விதியைத் தான் வாசித்ததாகவும், எனவே தன் பெயரைப் பட்டியலில் சேர்க்கும்படியும் கேட்டுக்கொண்டார். விதியை முழுதாக வாசித்த முதல் பொதுமகன் என்று தலைவர் அவரைப் பாராட்டினார். அப்போது அறையில் ஆறு பேரே இருந்ததால் ஏழாவது உறுப்பினரைத் தேநீர்க் கடையிலிருந்து அழைத்துவர ஆள் அனுப்பப்பட்டது. கணவரை உட்காரச் சொல்லித் தண்ணீர் தரப்பட்டது. நான்கு இருபதுக்கு ஏழாவது உறுப்பினர் வந்தார். பெயரைத் தலைப்பெழுத்தோடு போடுவதா, இல்லாமல் போடுவதா என்று விவாதிக்கப்பட்டது. நான்கு இருபத்துமூன்றுக்குத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. வெளியே சத்தம் கேட்டதால் கூட்டம் ஐந்து நிமிடம் ஒத்திவைக்கப்பட்டது.”

வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

பதினோரு நிமிடம். அந்த நாற்காலி இப்போதும் அதே இடத்தில்தான் இருந்தது. அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

“ஆகவே,” என்றார் தலைவர், “பதிவேட்டுப்படி அந்த அம்மா கடைசியாக் கேட்டது ஏணியப் பிடிக்க ஆள். ‘ஆள் வேண்டும்.’ அவ்வளவுதான். இதுதான் மூலப் பாடம். அத நாங்க மாத்தவே இல்ல.”

“மொதல்ல அதையேதான் போட்டேன்” என்றார் விளம்பரக்காரர். “‘ஆள் வேண்டும்’னு இருநூறு ஒட்டினோம். மறுநாள் நாப்பத்தி மூணு பேர் சர்டிபிகேட்டோட வந்து நின்னாங்க. ஒருத்தர் டிரைவிங் தெரியும்னாரு. அதுக்கப்புறம்தான் கருத்த வெச்சுக்கிட்டு வார்த்தைய மட்டும் மாத்தினோம். ஏணின்னா ஏறணும், எறங்கணும். எறங்கறது அவங்க. ஏறறது யாரு? கலை. நானே எழுதினேன். எழுதிட்டு அழுதுட்டேன்.”

பாட்டு வாத்தியார் கையைத் தூக்கினார். “எனக்கு ஒரு சின்ன கஷ்டம். இருநூறு பிள்ளைங்க சேர்ந்து பாடறாங்க. ‘ஏற வேண்டும்’னு முடிச்சா தாளத்துல ஒரு இடம் காலியா நிக்குது. அவங்க சொன்னதுல கூட ஒரு ‘அம்மா’வோ ‘ஐயா’வோ இருந்துச்சான்னு கணவர் கொஞ்சம் யோசிச்சுச் சொன்னாப் பரவாயில்ல.”

“ஐயான்னு வெச்சுக்கோங்க” என்றார் தலைவர். “கடைசி நேரத்துல தலைவர நெனச்சுக்கறது இயல்புதான்.”

ஐயா சேர்க்கப்பட்டது. ஆட்சேபணை உண்டா என்று என்னைக் கேட்டார்கள். மணி அடித்தது.

பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார்கள். திறப்பு நாளன்று மேடையில் நான் சாட்சியாக நின்று அந்த வாக்கியத்தைச் சொல்வேன் என்ற ஒப்புதல். எந்த வார்த்தையில் குரல் உடைய வேண்டும் என்று சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தது.

“நான் வரலன்னா?”

“கட்டாயமே இல்ல தம்பி” என்றார் தலைவர். “உங்க மாமியார் இருக்காங்க. அவங்கள ஏத்திடலாம்.”

“அவங்க அன்னிக்கு அங்கயே இல்ல.”

“அதனால என்ன? நீங்களும் இல்லையே. எங்ககூடத்தானே உக்காந்திருந்தீங்க.” அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கையெழுத்துப் போட்டேன்.

மேசைமேல் இன்னொரு தாள் இருந்தது. அர்ப்பணிப்புப் பட்டியல். முந்தின வருடத்துக்கு நேரே மரம். போன வருடத்துக்கு நேரே மேளக்காரர், பெயரைக் கோடு போட்டு அடித்திருந்தது. இந்த வருடத்துக்கு நேரே என் மனைவி. அடுத்த வருடத்துக்கு நேரே வெறும் கோடு. தலைவர் அந்தக் கோட்டின்மேல் பென்சிலைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டியபடியே நிமிர்ந்து ஓவிய டீச்சரைப் பார்த்தார்.

“டீச்சருக்கு சுகர், பிரஷர் எதாவது இருக்கா?”

“இல்ல சார், ஒண்ணும் இல்ல.”

“நல்லது, நல்லது” என்றார். அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. “இருந்தாலும் நல்ல போட்டோ ஒண்ணு ஆபீஸ்ல குடுத்து வைங்க. சிரிச்ச மாதிரி இருந்தா எங்களுக்கு வேலை மிச்சம்.”

கீழே இறங்கும்போது ஏணியைப் பார்த்தேன். கூடத்தின் நுழைவிடத்தில் நிறுத்தியிருந்தார்கள். தங்க நிறப் பெயின்ட் அடித்து, சுற்றிலும் கயிறு கட்டி, ‘நினைவு ஏணி, தொடாதீர்கள்’ என்று பலகை வைத்திருந்தார்கள். குழுவிடம் இருப்பது இந்த ஒரே ஏணி. அதனால் தேவைப்படும்போது கயிற்றை அவிழ்த்து எடுத்துப்போய், வேலை முடிந்ததும் கொண்டுவந்து மறுபடி கட்டுகிறார்கள். அதற்கும் ஒரு சிறு துணைக்குழு.

ஓவிய டீச்சர் பின்னால் வந்தார். முப்பது வயது இருக்கும். விரல் நகங்களில் நீலம்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இதோட இடது கால்ல ரப்பர் இல்ல. தரையில நிக்க மாட்டேங்குது. எழுதிக் குடுத்தேன். பதில் வந்துச்சு.” கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

‘சம்பவத்தன்றும் ரப்பர் இல்லை. எனவே ரப்பர் மாட்டுவது வரலாற்றைத் திருத்துவதாகும்’ என்று எழுதியிருந்தது.

“நீங்க ஏறாதீங்க” என்றேன்.

“ஏறலன்னா எங்க பிள்ளைங்க நாடகத்தத் தூக்கிடுவாங்க சார். ஆறு மாசமா ஒத்திகை பாக்கறாங்க. ஒரு பொண்ணு சிங்கம். வீட்லயும் சிங்கமாவே திரியுதாம், அவங்கம்மா வந்து சண்டை போட்டுட்டுப் போறாங்க.” சிரித்தார். பிறகு ஏணியைப் பார்த்தார். “ஒரே ஒரு எழுத்துதான் சார். திறப்பன்னிக்கு எல்லார் முன்னாடியும் வரையணுமாம்.”

எந்த எழுத்து என்று எனக்குத் தெரியும். என் மனைவி வளைவில் வரைந்துகொண்டிருந்தது ‘மக்கள் கலை விழா’. ‘வி’ வரை முடித்திருந்தாள்.

திறப்பு நாள் காலை பத்து மணி. கூடத்தின் முன்முற்றத்தில் மேடை. எதிரே வாசல், வாசலுக்கு மேலே வளைவு. நடுவில் ஆயிரம் பேராவது இருப்பார்கள். பாதித் தலைகளில் அந்தத் தொப்பி. தூரத்திலிருந்து பார்த்தால் அவள் சொல்லாதது எல்லார் நெற்றியிலும் எழுதியிருந்தது.

மேடையில் எனக்கு மூன்றாவது நாற்காலி. சட்டைப் பையில் நான் சொல்ல வேண்டிய வாக்கியம் எழுதிய அட்டை. முன்வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தொப்பி இருந்தது. போட்டுக்கொள்ளவில்லை, கீழேயும் வைக்கவில்லை.

நன்றியுரையை முதலில் வைத்திருந்தார்கள். கடைசியில் வைத்தால் ஜனங்கள் எழுந்து போய்விடுகிறார்கள் என்று போன வருடம் கண்டுபிடித்ததன் விளைவு. அது முடியும்வரை வாசல் கதவைப் பூட்டிவைப்பதும் அப்போது எடுத்த முடிவுதான். பூட்டுகிற சத்தம் மைக்கில் நன்றாகக் கேட்டது. சிலர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் பார்த்தார்கள்.

இருநூறு பிள்ளைகள் பாடினார்கள். கலை ஏற வேண்டும் ஐயா. தாளம் சரியாக உட்கார்ந்தது. பாட்டு வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்போது,” என்றார் தலைவர், “அந்த மகத்தான பெண்மணி விட்டுச்சென்ற எழுத்தை, அதே இடத்தில், அதே ஏணியில் ஏறி, நம் ஓவிய ஆசிரியை நிறைவு செய்வார். அதே ஏணி! ஒரு திருகாணியைக்கூட நாங்கள் மாற்றவில்லை!”

கைதட்டினார்கள்.

தங்க ஏணியைக் கொண்டுவந்து வளைவில் சாய்த்தார்கள். ஏணித் துணைக்குழுவினர் பன்னிரண்டு பேர் மாலைபோலச் சுற்றி நின்றார்கள். ஆளுக்கு ஒரு கை ஏணியில், முகம் கேமராவில். ஓவிய டீச்சர் பெயின்ட் டப்பாவோடு ஏறினார். படம் எடுத்து முடிந்தது. அந்த நேரம் பார்த்துச் செயலாளர் அம்மா நன்றிப் பட்டியலில் ‘ஏ’ வரிசைக்கு வந்தார்.

“ஏணித் துணைக்குழு. பெயர் வாசிக்கப்படுபவர் மேடைக்கு வந்து நினைவுப் பரிசைப் பெற்றுக்கொள்ளவும்.”

நினைவுப் பரிசு ஒரு சாண் உயரத் தங்க ஏணி. முதல் பெயர் வாசிக்கப்பட்டது. ஒருவர் கையை எடுத்துவிட்டு மேடைக்கு வந்தார். இரண்டாவது பெயர். மூன்றாவது. ஒவ்வொருவரும் பொம்மை ஏணியை இரண்டு கையாலும் வாங்கி, கீழே விழுந்துவிடாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள். பன்னிரண்டாமவர் கொஞ்சம் தயங்கினார். மேலே பார்த்தார். அவர் பெயரைச் செயலாளர் அம்மா இரண்டாவது தடவை வாசித்தார், தலைப்பெழுத்தோடு. அவரும் வந்துவிட்டார்.

டீச்சர் எட்டாவது படியில் இருந்தார். ஒரு கையில் டப்பா, ஒரு கையில் தூரிகை. பிடித்துக்கொள்ள மூன்றாவது கை இல்லை. ‘ழா’வின் துணைக்காலை வளைக்க இடப்பக்கம் சாய்ந்தார். ஏணியின் இடது கால் கல்தரையில் ஒரு விரல் அகலம் நகர்ந்தது. மேடையிலிருந்தே தெரிந்தது. டீச்சர் வரைவதை நிறுத்திவிட்டு அசையாமல் நின்றார். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

நான் எழுந்தேன்.

“எங்க போறீங்க? உங்க முறை இன்னும் வரல” என்றார் செயலாளர் அம்மா, மைக்கை மூடிக்கொண்டு.

படியிறங்கினேன். நடுவில் போட்டிருந்த வழியாக நடந்தேன். ஓடினால் கூட்டம் எழுந்துகொள்ளும், எழுந்தால் வழி அடைந்துவிடும். அதனால் நடந்தேன். தொப்பிக்காரர்கள் எனக்கும் கைதட்டினார்கள். ஏணி இன்னொரு விரல் அகலம் நகர்ந்தது. இடது காலடியில் என் காலை முட்டுக்கொடுத்து, இரண்டு கையாலும் பிடித்தேன். பெயின்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை, உள்ளங்கையில் ஒட்டியது. கண்ணுக்கு நேரே பதினான்காம் விதி. அதன்மேலும் தங்கம் பூசியிருந்தார்கள், ஆனால் வாசிக்க முடிந்தது.

“எறங்குங்க டீச்சர். மெதுவா” என்றேன்.

“சார், கால் நடுங்குது.”

“நடுங்கட்டும். நான் விட மாட்டேன். டப்பாவக் கீழ போட்ருங்க.”

டப்பா விழுந்து நீலம் என் சட்டையெல்லாம் தெறித்தது. செயலாளர் அம்மா மணியோடு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

“உங்க பேரு இல்ல! அன்னிக்குப் போட்ட தீர்மானம் அறிவிப்பு விழாவோட முடிஞ்சு போச்சு. கைய எடுங்க. எடுங்க சொல்றேன். உறுப்பினர்கள் எல்லாம் மேடைக்கு வாங்க, அவசரக் கூட்டம்!”

ஆறு பேர் எழுந்தார்கள். ஏழாவது ஆளைத் தேடினார்கள்.

அதற்குள் தலைவர் கம்பியில்லா மைக்கோடு வந்துவிட்டார். அவர் எதையும் வீணாக்க மாட்டார். “பாருங்கள்!” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “சாட்சியே இறங்கி வந்துவிட்டார்! அதே ஏணியின் அடியில் நின்று, அந்தக் கடைசி வார்த்தையை இப்போது அவர் வாயாலேயே கேட்போம்!” மைக்கை என் வாயருகே நீட்டினார். மெதுவான குரலில், “அட்டை பையில இருக்கில்ல தம்பி? ‘ஏற’ன்னு வரும்போது உடைங்க” என்றார்.

டீச்சர் நான்காவது படிக்கு வந்திருந்தார். அவர் செருப்பு என் விரலை மிதித்தது. பரவாயில்லை.

அத்தை எழுந்து வந்துகொண்டிருந்தார். யாரோ உட்காரச் சொன்னார்கள், கேட்கவில்லை. தலைவருக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார். ஏணியைப் பார்த்தார், என் கைகளைப் பார்த்தார். இரண்டு தடவை வாசிப்பதுபோல மறுபடியும் பார்த்தார்.

“என்ன சொன்னா மாப்பிள்ளை?”

“அத்தை, ஏணி ஆடுதுன்னா. விதி போட்டிருக்கு, கேட்டுட்டு வந்துடறேன்னேன். அவ வேண்டாம்னா. நான்தான் கேக்காமப் போனேன்.”

“அது சரி. என்ன சொன்னா?”

மைக் இருந்தது. இருக்கட்டும். அத்தையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

“‘அவங்ககிட்டப் போகாதடா. போனா கூட்டம் போட்டுருவாங்க. நீயே வந்து பிடி.’”